ஒரு கடைக்கு ஒரே எண்

என் அக்காளின் தொலைபேசி எண்ணைப் பதினோரு இடங்களிலிருந்து என் கையாலேயே எடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலசிலாங்கூரில், நான் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடையில். தேத்தண்ணி ஆறுவதற்குள் நான்கு இடம். ரொட்டி சானாய் வருவதற்குள் மூன்று. மிச்சம் நாலும் வெயில் மேசைக்கு ஏறுவதற்குள். விரல் நுனியில் செய்யும் வேலை அது. வேர்க்கவில்லை. வேர்த்திருந்தால் தேவலை.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் வேறு எதையாவது எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். ஆற்றைப் பற்றி எழுதுவேன். ஆற்றோர மரங்களில் மினுங்குகிற பூச்சிகளைப் பார்க்கப் படகேறி வரும் வெளியூர்க்காரர்களைப் பற்றி எழுதுவேன். செம்பனை மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் ஓசைக்கு ஒரு சொல் தேடிப் பாதி நாளைத் தொலைப்பேன். இன்று அதெல்லாம் வேண்டாம். ஏர்கோன் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

கடை புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறது. ஏர்கோன், அதாவது ஏசி, மாட்டுவது, கழுவுவது, கேஸ் ஏற்றுவது. கையுறை ஆலையில் சூப்பர்வைசராக இருந்த அண்ணன், வேலையை விட்டபோது வந்த பணத்தைப் போட்டுத் திறந்தார். தொழில் தெரிந்தவர் அத்தான், அக்காளின் கணவர். ஏணியில் ஏறி, மூடியைக் கழற்றி, காதை வைத்துக் கேட்டே இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் இங்கே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் உள்ளே வரும் லோரிகளின் எடையை எழுதும் கிராணி. கவிதை என்றும் சொல்ல முடியாமல் கதை என்றும் சொல்ல முடியாமல் எதையோ எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருப்பவன். ஆகவே வீட்டில் ஒரே பேச்சாக முடிவாயிற்று: "எழுத்து வேலையெல்லாம் தம்பி பாத்துக்குவான்."

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும்விடப் பெரிய கவலை, அடியில் வரும் பெயர்களைப் பற்றியது. யார் மேலே, யார் கீழே, யார் வலப்பக்கம். ஒரு சித்தப்பா விடுபட்டால் அந்தக் கிளையே பந்திக்கு வராது. பத்து வருசம் கழித்தும் அந்தப் பத்திரிகையை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்ணும் போடுகிறோம். அந்த எண்ணை யாரும் கூப்பிடப்போவதில்லை. எங்களுக்கு எண் என்பது கூப்பிடுவதற்கு அல்ல. மரியாதைக்கு.

கடைப் பலகைக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுபோனோம். பலகை எழுத வந்தவர் தூரிகையை வைத்துக்கொண்டு கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் நின்றார்.

"காசு போட்டவன் நான். என் நம்பர் மேல இருக்கட்டும்," என்றார் அண்ணன்.

"ஏணியில ஏறப்போறது நான் மச்சான். ஆளுங்க என்னைத்தானே கூப்பிடணும்," என்றார் அத்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நகரவில்லை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்களேன். பலகை என்ன கழுவிச் சுருங்கிப் போச்சா?" என்றாள் அக்காள்.

"அப்ப தம்பி நம்பரும் போடணும். அவன் மட்டும் என்ன வெளியாளா?" என்றார் அண்ணன். அவருக்கு என்மேல் பாசம் பொங்கியதால் அல்ல. அத்தானின் எண் தனியாகத் தன் எண்ணுக்கு ஈடாக நிற்கக்கூடாது, மூன்றில் ஒன்றாகக் கரைய வேண்டும்.

"மூணு போட்டா எழுத்து சின்னதாயிடும் அங்கிள். ரோட்லேருந்து பாத்தா தெரியாது," என்றார் பலகைக்காரர்.

"தெரியலைன்னா கிட்ட வந்து பாக்கட்டும்லா," என்றார் அண்ணன்.

அப்படியே எழுதப்பட்டது. இணையத்தில் கடையைப் பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தபோது, பலகையில் கற்ற பாடத்தை நான் மறக்கவில்லை. அங்கே ஓரிடத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம். ஆனால் இடங்கள் ஏராளம். எனக்கு அது வசதியாகப் பட்டது. வரைபடத்தில் அண்ணனின் எண். எல்லாரும் படம் போடும் சமூகப் பக்கத்தில் அத்தானின் எண். வாங்க விற்க உள்ள பக்கத்தில் என் எண். புதிதாக ஒரு பட்டியல் வந்தால் முறை வைத்துக்கொண்டேன். பந்தியில் இலை போடுவதுபோல யாரையும் விடாமல் பரிமாறினேன். அண்ணனுக்கு அவருடைய எண் இருக்கும் பக்கத்தை மட்டும் காட்டுவேன். அத்தானுக்கு அவருடையதை. இருவருக்கும் மனசு நிறைந்தது. எனக்கு என் சாமர்த்தியம் நிறைந்தது.

விலாசத்திலும் என் கைவரிசையைக் காட்டினேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆலையில் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன். ஆகவே ஒரு பக்கத்தில் கடை எண்ணும் ஜாலான் என்று தொடங்கும் தெருப் பெயரும். இன்னொன்றில் "கோயிலுக்கு எதிர் வரிசை". மூன்றாவதில், நெடுஞ்சாலையிலிருந்து வருகிறவனுக்கு வழி சொல்வதுபோல் நாலு வரி. கடைப் பெயரையே ஓரிடத்தில் அண்ணன் பெயரோடு, ஓரிடத்தில் சகோதரர்கள் என்று சேர்த்து, ஓரிடத்தில் வெறுமனே. ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது அழகு என்று நம்பியவன் நான். அந்த அழகை ஏர்கோன் கழுவுகிற கடைக்குப் பூசினேன்.

சில வருடங்கள் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் வாய்வழியாகவே வந்தார்கள். அத்தானுக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கக் கோலகுபு பாருவுக்குப் போவார். மற்ற நாட்களில் ஏணி. பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று, மேலே ஏறிய வேலையாளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பிறகு நாற்காலி. பிறகு அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கெர்லிங்கில் அக்காள் வீட்டில் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். டிவி மேல் வைத்திருந்த அத்தானின் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நின்று மறுபடி அடித்தது. அக்காள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், அவளுக்கு அப்படித்தான் கேட்கும்.

சுங்கை சோவிலிருந்து ஒரு பெண். ஏர்கோனிலிருந்து தண்ணீர் கட்டில்மேல் சொட்டுகிறதாம்.

"எந்தப் பக்கமா சொட்டுது, லெப்டா ரைட்டா?" என்றாள் அக்காள்.

நாங்கள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தோம்.

"பில்டர் கழுவி எவ்ளோ நாளாச்சு? ... வருசமா? என்னம்மா நீ, சட்டையைக் கூட அப்படிப் போட மாட்டோமே. மொதல்ல சுவிட்சை அடச்சு வை. கட்டிலை இழுத்துப் போடு. நாளைக்கு ஆள் வருவாங்க. நீங்க எந்த எஸ்டேட்டு?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்ட பதில் வந்தது. பாட்டன் எந்த லயத்து வீட்டில் இருந்தார், தோட்டம் விற்றபோது எங்கே வந்தார்கள், யார் யாருக்குச் சம்பந்தி. அக்காள் "அப்படியா, அவங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு நாளில் அவள் முகத்தில் இரத்தம் ஓடியதை அப்போதுதான் பார்த்தேன்.

அத்தான் ராத்திரிச் சாப்பாட்டில் இருபது வருசம் ஏர்கோனைப் பற்றித்தான் பேசியிருக்கிறார் போலும். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அந்தப் போன் அவளுடையதாயிற்று. கெர்லிங் வீட்டுக் கூடத்திலிருந்து அவள் கடையை நடத்தினாள். யாரை எங்கே அனுப்புவது, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டு மாடிக்கு நீள ஏணி வேண்டும், எல்லாம் அவள் வாயில். விலாசம் சொல்லத் தெரியாத கிழவிகளிடம் கட்டை கேட்டே கண்டுபிடிப்பாள். மைல் கல்லை நாங்கள் கட்டை என்போம். கல்லையெல்லாம் பிடுங்கிவிட்டு இத்தனை காலம் ஆகியும் அவளுக்கு ஏழாங்கட்டை எங்கே முடிந்து எட்டாங்கட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். மலாய்க்காரர்கள் கூப்பிட்டால் தோட்டத்து மலாயில் விளாசுவாள்: "அபாங், ஆயேர் தூருன் கா? ஜாங்கான் தாக்குத், எசோக் ஓராங் டாதாங்." தண்ணி எறங்குதா, பயப்படாதே, நாளைக்கு ஆள் வரும் என்பதுதான் அது. கூப்பிட்டவர்கள் சிரித்தபடியே வைப்பார்கள். திரும்பவும் கூப்பிடுவார்கள்.

அண்ணன் போனை எடுக்கும் விதம் வேறு. "யா. யாரு. எங்க. சரி." அவ்வளவுதான். மழை நாளில் அதுவும் கிடையாது. ஆகவே புதுப் பட்டியல் எது வந்தாலும் முறை வைப்பதை விட்டுவிட்டு நான் அக்காள் கையிலிருந்த அந்தப் போன் எண்ணையே போடத் தொடங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ராவாங்கில் ஒரு கடை திறந்தார்கள். பெரிய கடை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏர்கோன் என்று தேடினால் அதுதான் வந்தது. எங்கள் கடை இரண்டாம் பக்கத்தில் எங்கோ கிடந்தது. போன் குறைந்தது. வேலையாள் இரண்டு பேரில் ஒருவரை நிறுத்தினோம். அண்ணன் காலையில் கடையைத் திறந்து, துடைப்பத்தால் வாசலைப் பெருக்கி, பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்குவார்.

அண்ணனின் மருமகள் ராவாங்கில் ஓர் ஆபீசில் வேலை செய்கிறாள். விவரமான பெண். ஒரு விடுமுறை நாளில் கடைக்கு வந்து, கணினியைத் திறந்துவைத்து அரை நாள் எதையோ தாளில் குறித்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணனையும் என்னையும் கூப்பிட்டாள்.

"சின்ன மாமா, நம்ம கடை எத்தனைன்னு நெனைக்கிறீங்க?"

"ஒண்ணுதான்."

"மூணு. ஒண்ணு இங்க. ஒண்ணு செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல, மாடு கட்டுற எடத்துல. போன மாசம் ஒருத்தர் அங்க போய் நின்னுட்டுத் திட்டி எழுதியிருக்காரு. இன்னொண்ணு நிரந்தரமா மூடியாச்சுன்னு போட்டிருக்கு."

அண்ணன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எவன் மூடினான்?"

"யாரும் மூடல மாமா. பத்தொம்போது எடத்துல நம்ம கடை இருக்கு. பதினொண்ணுல அத்தை நம்பர், அஞ்சுல ஒங்க நம்பர், மூணுல சின்ன மாமா நம்பர். விலாசம் ஆறு மாதிரி. பேரு நாலு மாதிரி. தேடுற மெஷின் எல்லாத்தையும் ஒத்துப் பாக்கும். எல்லா எடத்துலயும் ஒரே பேரு, ஒரே விலாசம், ஒரே நம்பர் இருந்தாத்தான் இது நெஜமான கடைன்னு நம்பும். நம்மளை அது நம்பல."

நம்பவில்லை. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் யாரையும் வருத்தக்கூடாதென்று பரிமாறிய மரியாதையெல்லாம் அந்த இயந்திரத்துக்குப் பொய்ச் சாட்சிகளாகத் தெரிந்திருக்கிறது. ஆளுக்கொன்று சொல்லும் குடும்பத்தை எந்த நீதிபதிதான் நம்புவான்.

"பதினொண்ணுல அவ நம்பரா?" என்றார் அண்ணன் என்னைப் பார்த்து. அவருக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை.

"அத்தை எடுக்குறாங்க மாமா. நல்லாப் பேசுறாங்க. நம்மளைப் பாராட்டி எழுதியிருக்குறதுல பாதிக்கு மேல 'போன்ல பேசுற அக்கா'ன்னுதான் எழுதியிருக்காங்க," என்ற மருமகள், தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "எப்படியும் ஒரே நம்பர்தான் வைக்கணும். அத்தை நம்பரையே எல்லா எடத்துலயும் போட்டுடலாமே. அதான் பழகின நம்பர். மாத்துற வேலையும் கொறைவு."

அண்ணன் வெளியே போனார். வாசலில் நின்று எச்சில் துப்பிவிட்டு வந்தார்.

"அது யாரு நம்பர்? மச்சான் நம்பர். செத்தவன் நம்பரக் கடைக்கு வச்சா கடை வெளங்குமா? கூப்பிட்டா வீட்லேருந்து ஒரு பொம்பளை எடுக்குறா, நீங்க எந்த எஸ்டேட்டுங்குறா. இது கடையா, கருமாதிப் பந்தலா? கடைக்குன்னு ஒரு நம்பர் எடு. இங்க மேசையில இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

மருமகளும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் எனக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அக்காள் இல்லாவிட்டால் இந்தக் கடை போன மழைக்காலத்திலேயே மூடியிருக்கும் என்று சொன்னால் போதும். அது அவருக்கும் தெரியும். யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் துப்பிவிட்டு வந்தார்.

"ஒரே நம்பரா இருந்தா நல்லதுதான்," என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முப்பது வருசமாகச் சொற்களோடு புழங்குகிறவன் அந்த நேரத்தில் கண்டெடுத்த வரி அது. யாருக்கும் எதிராக இல்லாத வரி, யார் பக்கமும் நிற்காத வரி. அண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். சம்மதம்தான்.

"அவகிட்ட நீ சொல்லிடு," என்றார்.

நான் சொல்லவில்லை. முதலில் வேலை முடியட்டும், பிறகு நேரில் போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து தொடங்கினேன். மருமகள் எழுதிக் கொடுத்த ஒரே வரி: கடைப் பெயர், விலாசம், மேசைமேல் வைத்த புது எண். அதை அப்படியே, ஒரு புள்ளி மாறாமல், பத்தொன்பது இடங்களில். பத்து இடங்களில் அக்காள் எண் சத்தமில்லாமல் போயிற்று. பதினோராவது ஒரு பழைய வணிகப் பட்டியல். எப்போதோ அத்தான் பெயரில் பதிந்தது. மாற்ற வேண்டுமானால் அந்த எண்ணுக்கே ஒரு ரகசியக் குறி அனுப்புவோம், அதைச் சொல் என்றது.

அக்காளின் சொந்தப் போனுக்கு அடித்தேன்.

"அக்கா, கடை போனுக்கு ஒரு மெசேஜ் வரும். ஆறு நம்பர் இருக்கும். அதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"எதுக்குடா?"

"விலாசமெல்லாம் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். ஆளாளுக்கு வேற எங்கயோ போய் நிக்கிறாங்களாம்."

"நீ எழுதின லட்சணம் அப்படி. இரு, கையெல்லாம் மாவு." தண்ணீர் ஓடும் சத்தம். "வந்துருச்சு. டேய், இதை யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்கே."

"அது ஏமாத்துறவனுங்களுக்கு."

"அப்ப ஒனக்குச் சொல்லலாம்," என்று சிரித்தாள்.

கண்ணாடி இல்லாமல் படித்தாள். ஒவ்வொன்றாக. ஒரு எண் சொல்லி, நான் திருப்பிச் சொல்லக் காத்திருந்து, அடுத்தது. நான்காவதைத் தப்பாகச் சொல்லி, "இல்ல இல்ல, இரு" என்று போனை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தினாள். ஆறையும் அடித்தேன். திரை ஒரு முறை சுழன்று, வெற்றிகரமாக மாற்றப்பட்டது என்றது.

"சரியாப் போச்சா?"

"போச்சுக்கா."

"கோயிலுக்கு எதிர்லன்னு போடு. அப்பதான் நம்ம ஆளுங்க கண்டுபுடிப்பாங்க."

"சரி" என்றேன். அதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. காசு வாங்க வந்த கடைக்காரர், "என்ன அண்ணே, ரொட்டியைத் தொடவே இல்ல, நல்லா இல்லியா?" என்றார். நல்லாத்தான் இருந்தது. தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

மருமகள் சொன்னது அப்படியே நடந்தது. சில வாரத்தில் தோட்டத்துக் கடை மறைந்தது. மூடிய கடையும் மறைந்தது. ஒரே கடை, ஒரே எண், மேலே, இன்னும் மேலே, கடைசியில் உச்சியில். மேசைமேல் போன் ஓயாமல் அடித்தது. அண்ணன் நிறுத்திய வேலையாளைத் திரும்பக் கூப்பிட்டார். எனக்குக்கூட ஒரு சட்டைத்துணி வாங்கிக் கொடுத்தார். நேரில் போய்ச் சொல்லும் அந்த நாள் மட்டும் எனக்கு வரவே இல்லை. ஆலையில் வேலை என்றேன். மழை என்றேன். யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டேன்.

அக்காள்தான் கூப்பிட்டாள்.

"தம்பி, கடை போன் கெட்டுப் போச்சு போல. அடிக்கவே மாட்டேங்குது. கோலகுபுல குடுத்துப் பேட்டரி மாத்தினேன். அப்பவும் அப்படித்தான். நீ ஒரு தடவை அடிச்சுப் பாரு."

அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தாள். "ஹலோ, ஏர்கோன் சர்வீஸ்," என்று அவளுக்கே உரிய அந்தக் குரலில் தொடங்கி, நான்தான் என்று நினைவு வந்து நிறுத்தினாள்.

"நல்லாத்தான் இருக்கு போன்," என்றாள்.

"ஆமாக்கா."

"அப்ப யாரும் கூப்பிடல." வைத்துவிட்டாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அண்ணன் மாதா மாதம் அவளுக்கு அனுப்பும் சம்பள உறையை நிறுத்தவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியிருந்தால் அது அநியாயம். நிறுத்தாததால் அது பிச்சை. வேலைக்கு வந்த கூலி, ஒரே வாரத்தில், வேலையில்லாதவளுக்குப் போடும் காசாக மாறியிருந்தது. இரண்டாவது உறையை அவள் பிரிக்காமல் திருப்பி அனுப்பியபோது அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

நான் கெர்லிங்குக்குப் போனது அதற்கும் பிறகுதான். அதுவும் என் மனசாட்சி பிடித்துத் தள்ளியதால் அல்ல. பழைய வாடிக்கைக்காரர்கள் அண்ணனிடம், அந்த அக்கா எங்கே, அவங்ககிட்ட குடுங்க என்று நச்சரிக்க ஆரம்பித்திருந்தார்கள். "கடையில வந்து உக்காரச் சொல்லு. மேசை போட்டுத் தரேன்," என்று அண்ணன் என்னைத் தூது அனுப்பினார்.

போனபோது அக்காள் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் மத்தியான வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பையில் மடித்த ஏப்ரன். "வா, உக்காரு. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு," என்று தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். நான் அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"கடைக்கு வந்து உக்காரவா? எதுக்கு? இங்கேருந்து பேசினப்ப அது என் கடை. அங்க வந்து உக்காந்தா அண்ணன் கடையில வேலை பாக்குறவ."

"அப்படி இல்லக்கா."

"எப்படி இல்ல?"

நான் தம்ளரைக் கையில் எடுத்தேன். அவளே பேசினாள். குரல் உயரவில்லை. வெங்காயம் நறுக்குகிற சீரில் வந்தது.

"நம்பர எடுக்கணும்னா எடுத்துக்க வேண்டியதுதான்லா. கடை முக்கியம். என்கிட்ட கேட்டிருந்தா நானே எடுன்னு சொல்லியிருப்பேன். அவரு பேருல இருந்த கடைசி எடம், அது கொஞ்சம் வலிக்கும், அவ்ளோதான். நீ கேக்கல. அந்த ஆறு நம்பரை என்னையே படிக்க வச்சே பாரு."

"அண்ணன்தான்..." என்று தொடங்கினேன்.

"அண்ணனை எனக்குத் தெரியும். ஒன்னைப் பத்தித்தான் சொல்றேன்."

தேத்தண்ணியைக் குடித்தேன். இனிப்பு சரியாக இருந்தது, எனக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் சில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். அத்தான் மாட்டிய ஏர்கோன், பளிச்சென்று கழுவப்பட்டிருந்தது. மூடியின் ஓரத்தில் புதிதாக ஒரு ஸ்டிக்கர். ராவாங் கடையுடையது. கழுவிய தேதியும் அடுத்த முறைக்கான தேதியும் பேனாவில் எழுதியிருந்தது.

"இவங்களையா கூப்பிட்டே?"

"தண்ணி சொட்டுச்சு. போன்ல தேடினேன்," என்றாள் அக்காள், செருப்பை மாட்டிக்கொண்டே. "நம்ம கடைதான் எல்லாத்துக்கும் மேல வந்துச்சு. அதைத் தள்ளிட்டுக் கீழ போனேன்."

கதவைப் பூட்ட வேண்டும், எழுந்திரு என்றாள்.